வாசலுக்கு அப்பால் வெள்ளை

என்னிடம் 47 விநாடிக் காட்சி ஒன்று இருக்கிறது. லயத்து வீட்டின் கதவோரம் முக்காலி போட்டு என் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். முகம் நன்றாகத் தெரிகிறது. மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு, எல்லாம் தெளிவு. பேசிக்கொண்டே வலது கையை நீட்டிக் கதவுக்கு வெளியே எதையோ காட்டுகிறார். அவர் காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல் ஒரு செவ்வகம்தான் இருக்கிறது.

"அங்க பாரு ஐயா, அந்தத் தகரத்துக்குப் பக்கத்துல. அதான் மொதல்ல நம்ம…" என்கிறார். காற்று மைக்கில் மோத, அடுத்த சொல் கரைந்துபோகிறது.

2019-இல் எடுத்தது. பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நண்பனிடம் பழைய பிளாக்மேஜிக் பாக்கெட் கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, விடுமுறையில் சி ரூசாவுக்குப் போனேன். போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குச் சி ரூசா என்றால் கடலும் தங்கும் விடுதிகளும்தான். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நெகிரி செம்பிலானின் இன்னொரு முகம் தெரியும். ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள், அவற்றின் நடுவே காலியாகிக்கொண்டிருந்த லயங்கள். பாட்டி அப்படி ஒரு லயத்தில் கடைசியாக மிஞ்சிய சில குடும்பங்களோடு இருந்தார். இப்போது அந்த லயம் இல்லை. பாட்டியும் இல்லை.

தவறு முழுக்க என்னுடையது. நண்பகல் வெயில். வீட்டுக்குள் இருட்டு. கேமராவின் திரை வெயிலில் சரியாகத் தெரியவில்லை. ஒளி எல்லை மீறும் இடங்களைக் கோடுபோட்டு எச்சரிக்கும் 'ஜீப்ரா' வசதியை, கண்ணை உறுத்துகிறது என்று நானே அணைத்து வைத்திருந்தேன். பாட்டியின் முகம் தெரிந்தால் போதும் என்று துளையைத் திறந்துவிட்டேன். ஒளிப்பதிவுக்காரர்கள் ஒளியை 'ஸ்டாப்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பு. உள்ளே இருந்த முகத்துக்கும் வெளியே இருந்த வெயிலுக்கும் குறைந்தது ஆறு ஸ்டாப் வித்தியாசம் இருந்திருக்கும். அதாவது 64 மடங்கு.

ஆனால் நான் எடுத்தது 'ரா' பதிவு. சென்சார் கண்டதைச் சமைக்காமல் அப்படியே சேமிக்கும் முறை. கலர் கிரேடிங் மென்பொருளில் 'ஹைலைட் ரிகவரி' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக் போட்டால் வெளுத்துப்போன இடத்திலிருந்து சில சமயம் மேகமோ மரமோ எழுந்து வரும். அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது, எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

*

ஒளி கூடிப்போவது சினிமாவைவிட வயதான பிரச்சினை. அதை முதலில் எண்களாக மாற்றியவர்கள் இரண்டு பேர். ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் ஒரு வேதியியலாளர், வெரோ சார்லஸ் டிரிஃபீல்ட் ஒரு பொறியாளர். இங்கிலாந்தின் விட்னஸ் என்ற ஊரில் ரசாயனத் தொழிலில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்தார்கள். 1890-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். தகட்டின் மேல் எவ்வளவு ஒளி விழுந்தால் அது எவ்வளவு கறுக்கிறது என்று வரைந்து பார்த்தால், சாய்ந்த 'எஸ்' எழுத்துபோல ஒரு கோடு கிடைக்கும். அதன் கீழ்ப்பகுதிக்குக் கால் என்றும், மேல்பகுதிக்குத் தோள் என்றும் பெயர்.

நம் கதைக்கு முக்கியம் அந்தத் தோள். படச்சுருளில் ஒளி அதிகமாகும்போது பதிவு ஒரே அடியாக நின்றுவிடுவதில்லை. மெல்ல மெல்லச் சோர்ந்து வளைகிறது. நெகட்டிவில் வெளிச்சமான இடம் கறுப்பாக, அடர்த்தியாக இருக்கும். கூடுதல் ஒளி விழுந்தால் அந்தக் கறுப்பு இன்னும் அடர்த்தியாகும். ஆனால் உள்ளே மேகத்தின் மடிப்பும் துணியின் சுருக்கமும் நெருக்கமாக ஒளிந்திருக்கும். பிரிண்ட் போடும்போது அதன் வழியே இன்னும் பலமாக ஒளியைச் செலுத்தினால் அவை வெளியே வரும். சென்னையில் ஜெமினி, பிரசாத் போன்ற லேப்களில் கிரேடர் என்ற பெயரில் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிக்கும் 1 முதல் 50 வரை எண் உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்கள். ஒளிப்பதிவாளர் இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்துவிட்டாலும் அந்த எண்களை ஏற்றிப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுவார்கள். அதனால்தான் நெகட்டிவ் காலத்து விதி இப்படி இருந்தது: நிழலுக்கு அளந்து எடு, வெளிச்சத்தை லேப் பார்த்துக்கொள்ளும்.

அதற்காக எல்லாவற்றையும் லேபின் தலையில் கட்டிவிடவும் இல்லை. நம் ஊர்களில் வெயிலோடு சண்டை போடுவது ஒளிப்பதிவாளரின் அன்றாடம். 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி வீட்டின் முற்றத்தை அரங்கமாகப் போட்டபோது, சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி அதில் விளக்கின் ஒளியை மோதவிட்டு, இயற்கையான பகல் வெளிச்சம்போல் இறங்க வைத்தார். தமிழில் பாலு மகேந்திரா இயற்கை ஒளியை நம்பியவர். 'வீடு' (1988) படத்தில் ஜன்னல் வெளிச்சமே போதுமென்று நின்றார். உள்ளே இருக்கும் முகமும் வெளியே இருக்கும் தெருவும் ஒரே சட்டகத்தில் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கலைஞர்களின் கண் ஒரு காரணம். நெகட்டிவின் தோள் இன்னொரு காரணம்.

*

டிஜிட்டல் சென்சாருக்குத் தோள் கிடையாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே மங்கு கட்டியிருப்பார்கள். பால் சொட்டுச் சொட்டாக வடிந்து மங்கில் சேரும். மங்கு பாதி நிறைந்திருந்தால் எவ்வளவு பால் வந்தது என்று பார்த்துச் சொல்லலாம். மங்கு நிரம்பி வழிந்துவிட்டால்? கொஞ்சம் வழிந்ததா, ஒரு வாளி வழிந்ததா, மங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு மரத்தின் மங்கும் ஒரே மாதிரி நிறைந்து நிற்கும். சென்சாரில் இப்படிக் கோடிக்கணக்கில் நுண்ணிய மங்குகள். பாலுக்குப் பதில் மின்னூட்டம். நிரம்பும் வரை கணக்கு நேர்க்கோடு. நிரம்பிய பிறகு எல்லாம் ஒரே எண். இதைத்தான் 'கிளிப்' ஆகிவிட்டது என்கிறார்கள். மின்னணுவியல் வகுப்பில் இதற்கு 'சாச்சுரேஷன்' என்று பெயர் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு உறைத்தது பாட்டியின் வாசலைத் திரையில் பார்த்தபோதுதான்.

மங்குகளுக்கு நிறம் தெரியாது. வெறும் அளவுதான் தெரியும். நிறம் தெரியவைத்தவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். 1976-இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமை இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மங்கின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி. நான்கு மங்குகள் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் ஒளிர்வின் நுணுக்கத்தைப் பச்சைப் பகுதியில்தான் அதிகம் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரண்டு இடம். இந்த நான்கு மங்குக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் வாசலுக்கு மிஞ்சிய ஒரே வழி அதுதான்.

ஆரம்பகால டிஜிட்டல் சினிமா அந்த வழியையும் அடைத்துவைத்திருந்தது. ஜார்ஜ் லூகாஸ் 2002-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் பயன்படுத்திய சோனி எஃப்900 வகைக் கேமராக்கள் காட்சியை உள்ளேயே சமைத்து, 8 பிட் அளவில், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகளில், டேப்பில் பதிந்தன. தமிழில் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004), அடுத்த ஆண்டு வந்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை டிஜிட்டலில் துணிந்து எடுக்கப்பட்ட ஆரம்பகாலப் படங்கள். அதே காலத்தில் மலேசியாவிலும் குறைந்த செலவு டிஜிட்டல் வீடியோவை நம்பி ஒரு சுயாதீன அலை கிளம்பியது. தோட்டத்து வாழ்க்கையைச் சொன்ன தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அந்தக் காலத்தின் படம். வீடியோவில் வெள்ளை போனால் போனதுதான். அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது. அதனால் ஒளிப்பதிவு விதியும் தலைகீழாகத் திரும்பியது. வெளிச்சத்தைக் காப்பாற்று, நிழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விதி யாருக்குச் சாதகம் என்பது தனிக் கேள்வி. வானத்தைக் காப்பாற்றத் துளையைக் குறைத்தால் முதலில் இருட்டுக்குள் போவது கறுத்த முகம். இதற்கு ஒரு பழைய பின்கதை உண்டு. கோடாக் பல பத்தாண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த தோலின் நுணுக்கம் படச்சுருளில் சரியாக விழவில்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. கோடாக்கை அசைத்ததோ சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும் சொன்ன புகார்கள். தங்கள் பொருள்களின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்றார்கள். பல இனப் பெண்கள் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. இந்தக் கதையைப் படித்த பிறகு, அன்று துளையைத் திறந்துவிட்டதற்காக என்னை நானே திட்டிக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முகமா, வெளியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் முகத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெளியே இருந்ததும் தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை.

*

அடைத்த வழி திறந்தது எப்படி?

முதல் சாவி படச்சுருள் ஆட்களிடமிருந்தே வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கோடாக் 'சினியான்' என்ற முறையைக் கொண்டுவந்தது. நெகட்டிவை ஸ்கேன் செய்து, கணினியில் வேலை பார்த்து, மறுபடி படச்சுருளுக்கே அனுப்பும் வழி. 1993-இல் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' முழுப் படமும் இப்படித்தான் சீரமைக்கப்பட்டது. சினியான் கோப்பில் 0 முதல் 1023 வரை எண்கள். சாதாரண வெள்ளைத் தாளின் வெள்ளைக்கு அவர்கள் கொடுத்த இடம் 685. அதற்கு மேலே 300-க்கும் அதிகமான படிகளைக் காலியாக விட்டார்கள். வெயிலில் மினுங்கும் தகரம், விளக்கின் திரி, கடலில் தெறிக்கும் சூரியன், இவற்றுக்காக. வெள்ளைக்கு மேலும் வெள்ளை உண்டு என்று எண்களில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. இன்றைக்கு ஒவ்வொரு கேமரா கம்பெனியும் 'லாக்' என்று சொல்வது இதன் வாரிசுதான்.

இரண்டாவது சாவி ரா. 2007-இல் ரெட் ஒன் கேமரா சந்தைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கம்பெனி நடத்திய ஜிம் ஜனார்ட் என்பவரின் முயற்சி. நிற வெப்பநிலையும் ஐஎஸ்ஓவும் படத்தில் அவிந்துபோகாமல், வெறும் குறிப்பாக மட்டும் கோப்பில் இருக்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். 2009-இல் அருண் வைத்தியநாதனின் 'அச்சமுண்டு அச்சமுண்டு' ரெட் ஒன்னில் எடுக்கப்பட்டு வெளியானது. 2010-இல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா வந்தது. அதில் ஒவ்வொரு மங்கையும் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று நிழலுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 14 ஸ்டாப் வரை பிடிக்கிறார்கள். படச்சுருளை விடமாட்டோம் என்று நின்ற பல ஒளிப்பதிவாளர்கள் மனம் மாறியது இந்தக் கேமராவுக்குப் பிறகுதான்.

மூன்றாவது, விலை. 'டாவின்சி' என்பது ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டும் வாங்கக்கூடிய கலர் கிரேடிங் இயந்திரம். 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் அந்தக் கம்பெனியை வாங்கியது. அடுத்த ஆண்டு மென்பொருளை மட்டும் 995 டாலருக்கு விற்றது. 2011-இல் இலவசப் பதிப்பையும் விட்டது. 2013-இல் கைக்குள் அடங்கும் பாக்கெட் கேமரா வந்து, சீக்கிரமே ராவும் பதிய ஆரம்பித்தது. தோட்டத்துப் பாட்டியின் பேரன் ரா எடுக்க முடிந்ததும், அதை வீட்டு மடிக்கணினியில் திறக்க முடிந்ததும் இந்த வரிசையால்தான்.

*

இப்போது அந்த டிக் கட்டத்துக்குள் போகலாம்.

பகல் வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சென்சாரில் பச்சை மங்குதான் சீக்கிரம் நிறையும். சிவப்பு மங்கு ஏறத்தாழ அதில் பாதிதான் நிறைந்திருக்கும். நீலம் இரண்டுக்கும் நடுவில். சுவர் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால் சிவப்பை ஏறத்தாழ இரண்டால் பெருக்க வேண்டும், நீலத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ். ராவில் இந்தப் பெருக்கல் கேமராவுக்கு வெளியேதான் நடக்கிறது.

பச்சை நிரம்பி வழிந்துவிட்டது, ஆனால் சிவப்பும் நீலமும் இன்னும் நிறையவில்லை என்றால்? அவை உண்மையான அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பெருக்கிய பிறகு அவை பச்சையைத் தாண்டி மேலே போய்விடும். திரையில் அந்த இடம் அசிங்கமான இளஞ்சிவப்பாகத் தெரியும். அது பிடிக்காமல் மென்பொருள்கள் நெடுங்காலம் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தன. பச்சை நின்ற உயரத்திலேயே மற்ற இரண்டையும் வெட்டிவிடுவது. மூன்றும் சமமானால் சுத்தமான வெள்ளை. அழகாக இருக்கும். ஆனால் சிவப்பும் நீலமும் சொன்ன சாட்சி குப்பைக்குப் போகும்.

அந்தச் சாட்சியைக் கேட்பதுதான் ஹைலைட் மீட்பு. இதை வெளிப்படையாக எழுதிவைத்த பழைய நிரல்களில் ஒன்று 'டிசிரா'. டேவ் காஃபின் என்ற ஒரு தனி மனிதர் 1997-இல் எழுதத் தொடங்கி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கேமராக்களின் ரா கோப்புகளை அது திறக்கும். வெளுத்த இடத்தை என்ன செய்வது என்பதற்கு அதில் 0 முதல் 9 வரை ஒரு தெரிவு உண்டு. 0 என்றால் வெட்டி வெள்ளையாக்கு. 1 என்றால் வெட்டாதே, இளஞ்சிவப்பு வந்தால் வரட்டும். 2 என்றால் இரண்டையும் கலந்து மழுப்பு. 3 முதல் 9 வரை மறுகட்டமைப்பு. அதாவது போன நிறத்தை மிஞ்சிய நிறங்களையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து ஊகி. எண் குறைவாக இருந்தால் ஊகம் வெள்ளைப் பக்கம் சாயும், கூடினால் நிறத்தின் பக்கம் சாயும். அந்தத் தெரிவு எனக்குப் பிடித்திருந்தது. இங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது, அதை எடுப்பது நீ என்று அது பயனரிடம் சொல்லிவிடுகிறது. இன்றைய மென்பொருளின் ஒற்றைக் கட்டம் அதைச் சொல்வதில்லை.

பாட்டியின் காட்சியில் நான் முதலில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். பச்சையில் வாசல் முழுக்க வெறுமை. சிவப்பில் சில நிழல்கள். நீலத்தில் நிறையவே இருந்தது. செம்மண்ணும் இலையும் நீலத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் அந்த மங்குகள் நிரம்பவில்லை. டிக் போட்டேன். வாசலில் ஒரு தென்னையின் அடிமரம் வந்தது. பக்கத்தில் வேலிக் கம்பு. ஒரு பாதை. அந்தப் பாதையில் நான் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் பாதை சாம்பல் நிறத்தில் இருந்தது. மென்பொருளுக்கு வெளுத்த இடம் என்றால் மேகம், சுவர், சட்டை என்றுதான் தெரியும். அங்கே இருந்தது செம்மண் என்று அதற்கு எப்படித் தெரியும்? நிறமற்றது என்று ஊகித்துவிட்டது. காற்றில் மட்டை அசையும்போது சட்டகத்துக்குச் சட்டகம் ஊகம் மாறி, ஓரங்கள் மினுங்கின. பாட்டியின் விரல் நேராகக் காட்டிய இடத்தில், தகரக் கூரையின் மேல் வெயில் தெறித்த இடத்தில், மூன்று நிறமும் வழிந்திருந்தன. அங்கே மென்பொருள் மெலிதான சாம்பலைப் பூசி வைத்திருந்தது. பார்ப்பவருக்கு அங்கே ஏதோ இருப்பதுபோல் தோன்றும். ஒன்றும் இல்லை.

*

ஆக அந்தச் சின்ன செவ்வகத்துக்குள் மூன்று வகை இடங்கள் இருந்தன. தென்னையின் வடிவம் சென்சாரில் பதிந்தது. மறைந்திருந்ததை வெளியே எடுத்தேன், அவ்வளவுதான். பாதையின் வடிவம் பதிவு, நிறம் ஊகம். சாம்பலை மாற்றி நானே செம்மண் நிறம் ஏற்றினேன். அது என் ஞாபகத்திலிருந்து போட்ட நிறம். தப்பில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அது பதிவு என்று சொல்லமாட்டேன். கூரைப் பக்கம் பதியவே இல்லை. 'மீட்பு' என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் மூடிவிடுகிறது.

நண்பனிடம் காட்டினேன். "ரொம்ப யோசிக்காதடா. வேற தோட்டத்துப் படம் ஒன்ன எடுத்து அந்த எடத்துல போட்டுரு. இல்லன்னா ஏஐ-கிட்ட கேளு, அதுவே லயத்த வரைஞ்சு குடுத்துரும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். உண்மைதான், யாருக்கும் தெரியாது. எல்லா லயமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு உறுத்தியது அங்கேதான்.

தோட்டத்தைப் பற்றி எழுதும்போதும் படம் எடுக்கும்போதும் நாம் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. செக்ரோல் புத்தகத்தில் ஆளின் பெயர், வேலைக்கு வந்த நாள், சம்பளம் இருக்கும். அது ஒற்றை நிறத்தின் பதிவு. அதிலிருந்து வடிவத்தை எடுக்கலாம். எத்தனை பேர் இருந்தார்கள், யார் எப்போது வராமல் போனார்கள் என்று சொல்லலாம். அந்த ஆள் விடியற்காலைப் பெரட்டுக்கு என்ன மனநிலையில் வந்து நின்றார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை வைத்து நிறம் ஏற்றிச் சொல்லலாம், ஏற்றியது நாம் என்ற நினைப்போடு. சில இடங்களில் ஒரு மங்குகூட மிஞ்சவில்லை. அங்கே மெலிதான சாம்பலைப் பூசி, எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவான ஒரு சோகத்தையோ பொதுவான ஒரு பெருமையையோ வைத்துவிடுகிறோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியபோது அந்த 47 விநாடியைப் போட்டுக் காட்டினேன். தென்னை வந்ததும் பெரியம்மா, "நம்ம வீட்டு மரம்!" என்று எழுந்தே விட்டார். பிறகு பாட்டியின் விரல் நீண்டது. "அது ஆயாக்கொட்டகை. அம்மா அதத்தான் காட்டுது. நாமெல்லாம் மொதல்ல அங்கதான வளர்ந்தோம்" என்றார் மாமா. "இல்ல, மொதல்ல நம்ம முனியாண்டி கோயில் அங்கதான் இருந்துச்சு, பொறவுதான் ஆத்தோரம் மாத்துனாங்க" என்றார் பெரியம்மா. அரை மணி நேரம் வாதம். நடுவில் இரண்டு முறை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். காற்றுச் சத்தத்துக்குள் இருக்கும் அந்தச் சொல் ஒருவருக்குக் கொட்டகை என்றும் இன்னொருவருக்குக் கோயில் என்றும் கேட்டது. நான் அங்கே சாம்பலை விட்டுவைத்திருந்தால் ஆளுக்கொரு கூரை அதில் தெரிந்திருக்கும். நான் அந்த இடத்தை மட்டும் மறுபடி முழு வெள்ளையாகவே ஆக்கி வைத்திருந்தேன்.

வாதம் முடியவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது, ரெண்டுக்கும் நடுவில் எந்தப் பாதை போனது என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தார்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இரண்டு கையெழுத்தில், இரண்டு கூரையோடு.

போர்ட்டிக்சன் பக்கம் இன்னும் சில லயங்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். விலையுயர்ந்த கேமரா வேண்டாம், கைப்பேசி போதும். முதலில் முகத்துக்கு அளந்து, அவர்கள் பேசி முடிக்கும் வரை எடுங்கள். பிறகு கேமராவை அசைக்காமல், வாசலுக்கு அளந்து இன்னும் பத்து விநாடி எடுங்கள். அவர்கள் முகம் அதில் இருட்டாகத்தான் தெரியும், பரவாயில்லை. அது முதல் ஷாட்டில் இருக்கிறது. மைக்கின் மேல் ஒரு துண்டுத் துணியும் சுற்றுங்கள்.